கண்ணாடியோரத்து மேசை

அட்டன் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் காதில் விழும்படி, “வாரும் நல்லமுத்து” என்று பெரிய கிளாக்கர் சிவபாதம் ஐயா கூப்பிட்டபோது, தனக்குப் பின்னால் வேறு எந்த நல்லமுத்துவாவது நிற்கிறானோ என்று நல்லமுத்து திரும்பிப் பார்த்தான். பார்க்கமாட்டானா பின்னே? இத்தனை காலமும் அந்த வாயிலிருந்து அவனுக்கு வந்ததெல்லாம் ‘டேய்’யும் ‘இங்க வா’வும்தான். தோட்டத்து ஆபீசில் கிளாக்கருக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. மழையோ பனியோ, தொழிலாளி முற்றத்தில் நின்று குனிந்துதான் அதற்குள் பேச வேண்டும். கிளாக்கருக்கு இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறது என்பதையே நல்லமுத்து அன்றுதான் கண்டான். பளபளவென்று சப்பாத்துப் போட்ட கால்.

“துரை கொஞ்சம் இறங்கி வந்திட்டார் போலக் கிடக்கு. உம்மோட தனியாக் கதைக்க வேணும். தெருவில நிண்டு கதைக்கேலாது, வாரும், சாப்பிட்டுக்கொண்டு கதைப்பம்” என்றார் சிவபாதம் ஐயா.

வெள்ளைக்காரன் கொடியை இறக்கிப் பத்து வருஷம் ஆகப்போகிறது என்று பெயர்; ஒத்தக்கல் தோட்டத்துக்கு இன்னமும் வெள்ளைக்காரத் துரைதான். கொழுந்து முற்றிப்போச்சு என்று பேச்சியம்மாளின் கூடையைக் கணக்கப்பிள்ளை காலால் எத்திவிட்டான். அவள் சிதறிய கொழுந்தை இரண்டு கையாலும் அள்ளி அவன் மூஞ்சியிலேயே வீசினாள். துரை அவளுக்கு வேலையை விட்டு நிறுத்துகிற பத்துச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். வேலை போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். புருஷனைத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிட்டுத் தனியாக இருக்கிறவள், எங்கே போவாள்? அவளுக்காகத்தான் மொத்தத் தோட்டமும் வேலையை நிறுத்தியது. நிறுத்தியதும் துரை அரிசியை நிறுத்தினார். மூன்று வாரமாக மாரியம்மன் கோயில் முன்னால் ஒரே அண்டாவில் கஞ்சி. அதையும் கஞ்சி என்று சொன்னால் கஞ்சிக்கே கோபம் வரும். நல்லமுத்துவின் பெண்டாட்டி, மகளைக் கூட்டிக்கொண்டு அக்கரப்பத்தனையில் இருக்கிற தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் தோட்டத்துச் சங்கத் தலைவன், போக முடியாது.

அந்தத் தலைவன்தான் கோயிலில் சூடத்தை ஏற்றி எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தான்: துரையோடோ கிளாக்கரோடோ எவரும் தனியாகப் பேசக்கூடாது, போனால் நாலு பேராகப் போக வேண்டும். அது அவனுக்கு மறந்துவிடவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலு எட்டு வைப்பதற்குள் நன்றாகவே ஞாபகம் வந்தது. ஆனால் ‘வாரும்’ என்று கூப்பிட்டுவிட்டாரே! அன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் சேர்த்துக் கொடுக்கிற அரிசியை வாங்க அவனுடைய தோட்டத்துப் பெண்கள் அட்டனில் இருக்கிற சங்க ஆபீசுக்கு வருகிறார்கள். அவர்கள் வந்து சேரும்போது, “பேச்சியக்காவுக்கு வேல கெடச்சிருச்சு” என்று சொல்லிக்கொண்டு படியேறினால் எப்படி இருக்கும்? அந்த ஆசை ஒரு பக்கம். என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு வந்தால் என்ன குடி முழுகிவிடும் என்கிற நினைப்பு ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து அவனைச் சீனாக்காரர் ஹோட்டலுக்குள் தள்ளிவிட்டன.

அந்த ஹோட்டலை அவன் வெளியிலிருந்து மட்டும்தான் அறிவான். துரைமார் கிளப்புக்குப் போகிற வழியில் இறங்குகிற இடம். சம்பளம் வாங்கிய வாரத்தில் தோட்டத்து ஆபீஸ் ஸ்டாப்மார் குடும்பத்தோடு வருகிற இடம். பின்பக்கச் சந்தால் போகிறவர்களுக்கு அதன் மணம் மட்டும் ஓசியில் கிடைக்கும். உள்ளே சிவப்புக் கடதாசி விளக்குக் கூடு ஒன்று தொங்கியது. மேசைக்கு மேசை வெள்ளைத் துணி. முதலாளிச் சீனாக்காரர் அரைக்கை பனியனோடு வந்து, சிவபாதம் ஐயாவுக்குச் சொன்ன அதே மரியாதையில் அவனுக்கும், “வாடி வென்ன மாத்தயா” என்று சிங்களத்தில் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். ஐயாவாம், மாத்தயா! நல்லமுத்து தன் கிழிந்த கோட்டை இழுத்து மூடிக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். துணியில் அழுக்குப் பட்டுவிடுமோ என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டான்.

உள்ளே நாலைந்து மேசை காலியாகக் கிடந்தது. சிவபாதம் ஐயா தெருப் பக்கம் பெரிய கண்ணாடி பதித்த மேசையைத்தான் பிடித்தார். தெருவுக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்தார், தெருவைப் பார்க்க அவனை உட்காரவைத்தார். பெரிய மனுஷர் எதில் உட்கார்ந்தால் என்ன என்று அவன் அதைக் கவனிக்கவில்லை.

“எனக்கு ஒரு பிளேன்ட்டி போதுங்கய்யா. தொர என்னா சொன்னாருங்க?”

“சாப்பாட்டில வேலைக் கதை கூடாது. முதல்ல வடிவாச் சாப்பிடும்” என்றார் அவர்.

சூப்பு வந்தது. முட்டையை நூல் நூலாக ஓடவிட்ட சூப்பு. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான், அந்த ஆவி மூக்குக்குள் போனது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். நல்லமுத்துவுக்குச் சூடமும் சத்தியமும் பறக்க அந்த ஒரு மூச்சு போதுமாயிருந்தது. தன் பங்குக் கஞ்சி இன்றைக்கு வேறு யாருக்காவது மிச்சம்தானே என்று ஒரு நியாயமும் உடனே கிடைத்தது. வயிற்றுக்கு வக்கீல் வைக்க வேண்டியதில்லை, அதுவே நன்றாக வாதாடும். அடுத்து ஒரு நீளத் தட்டில் பொரித்த சோறு வந்தது, உதிரி உதிரியாக, கோழியும் றாலும் வெங்காயத் தாளும் கலந்து. கரண்டியால் சாப்பிட்டுப் பழக்கமில்லை. பாதி வாய்க்குள் போனது, பாதி துணியில் விழுந்தது. விழுந்த பருக்கையைக் கிளாக்கர் பார்க்காதபோது பொறுக்கிப் போட்டுக்கொண்டான். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“மனிசி எப்பிடி? மகள் பள்ளிக்கூடம் போறாளோ?” என்று குசலம் விசாரித்தார். அவன் வாயில் சோற்றோடு பதில் சொன்னான். தன் தட்டில் இருந்ததை அவர் தொடவே இல்லை. இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சூப்பு ஆவியில் கண்ணாடி மங்கிப்போயிருந்தது. “இதைக் கொஞ்சம் துடைச்சுவிடச் சொல்லும், மழை விட்டிட்டுதோ எண்டு பாப்பம்” என்றார். அவரே சீனாக்காரரைக் கையால் கூப்பிட்டார். அந்த மனுஷன் பாவம், தோளில் கிடந்த துணியை எடுத்துப் பளிச்சென்று துடைத்துவிட்டுப் போனார்.

துடைத்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கோயிலில் கஞ்சி ஊற்றுகிற வீரம்மா நின்றாள்.

தலையில் அரிசிச் சாக்கு. அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பெண்கள், எல்லார் தலையிலும் சுமை, எல்லாம் ஒத்தக்கல் தோட்டத்து முகங்கள். சங்க ஆபீசிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போக அந்தத் தெருவை விட்டால் வேறு தெரு கிடையாது. அன்றைக்கு அரிசி கொடுக்கிறார்கள் என்பது தோட்டத்து நாய்க்கும் தெரியும், கிளாக்கருக்குத் தெரியாதா? வீரம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். உள்ளே இருக்கிற இன்னொரு ஆளுக்கு முதுகுதான் தெரிந்தது, மினுங்குகிற கோட்டு முதுகு. முகம் தெரிந்தது தலைவனுக்கு மட்டும்தான். வாய் நிறையச் சோறு, கையில் கரண்டி.

அந்த நேரத்தில் அவன் எழுந்து ஓடியிருக்கலாம். தட்டைத் தட்டிவிட்டிருக்கலாம். கிளாக்கரின் சட்டையைப் பிடித்திருந்தால்கூடப் பிழைத்திருப்பான். அவன் என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான். தெரிந்தவர்களை எதிர்பாராமல் கண்டால் மனுஷன் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. பாழாய்ப்போன சிரிப்பு! வீரம்மா சாக்கைத் தலையில் சரிசெய்துகொண்டு நடந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருத்தியாகக் கண்ணாடியைக் கடந்துபோனார்கள். கடைசி ஆள் போகும்வரை அவன் வாயில் இருந்த சோறு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

சிவபாதம் ஐயா கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு எழுந்தார்.

“ஐயா, தொர என்னமோ சொன்னாருன்னீங்களே?”

“ஓ, அதோ? உம்மைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு குடுக்கச் சொன்னவர். குடுத்தாச்சு.” குடையை எடுத்துக்கொண்டார். “மிச்சத்தைச் சாப்பிட்டிட்டுப் போம். வீணாக்கக்கூடாது.”

பஸ்ஸில் ஏற அவனுக்கு முகமில்லை. டிக்கோயா வழியாக நடந்தே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது கோயில் முன்னால் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது, சேதியும் கொதித்துக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினார்கள். அவன் முன்னால் வந்ததும் வீரம்மா அகப்பையை அண்டாவுக்குள்ளேயே போட்டாள்.

“தலைவருக்கு வயிறு நெறஞ்சிருக்கும்” என்றாள்.

“சத்தியமா சொல்றேன், கிளாக்கரு ஒன்னுமே பேசல. நானும் ஒன்னுத்துக்கும் சம்மதிக்கல.”

“ஒன்னும் பேசாமலா சோறு போட்டான்? எங்களுக்கெல்லாம் போடலியே?”

கைநீட்டி வாங்கிவிட்டேன், புத்தி கெட்டுப்போச்சு என்று ஒரு பொய்யைச் சொல்லி அழுதிருந்தால் இரண்டு அறை அறைந்துவிட்டு நம்பியிருப்பார்கள். நடந்ததைச் சொன்னதுதான் பொய்யாகத் தெரிந்தது. யாரும் அவனை அடிக்கவில்லை. கூட்டம் தன்பாட்டில் கலைந்து லயத்துக்குப் போனது. தலைவனே தின்கிறான், நாம் யாருக்காகப் பட்டினி கிடக்கிறோம் என்று லயத்துக்குள் பேசிக்கொண்டது சுவருக்கு இந்தப் பக்கம் அவனுக்குக் கேட்டது.

விடியக் கருக்கலில் வேலைக்குக் கூப்பிடுகிற தப்புச் சத்தம் கேட்டது. கூடைகளும் தலைத்துண்டுகளுமாகச் சனம் பெரட்டுக் களத்துக்கு இறங்கியது. நல்லமுத்து பாதையின் நடுவில் நின்றான். “போகாதீங்க, இன்னும் ரெண்டே நாளு பொறுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டான். தண்ணீர் கல்லைச் சுற்றிப் போகிற மாதிரி அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டான், ஒவ்வொருவராக ஆஜர் சொன்னார்கள். அவ்வளவுதான், வேலைநிறுத்தம் முடிந்தது.

பகல் சாப்பாட்டுக்குப் பெண்கள் லயத்துக்கு வந்த நேரம், தச்சுவேலை பாஸும் காவல்காரனும் பேச்சியம்மாளின் காம்பராவுக்கு வந்தார்கள். ஆளை இழுத்து வெளியே போடுகிற வழக்கம் இந்தத் துரையிடம் இல்லை. கதவைக் கழற்றிவிடுவார், மேலே தகரத்தைக் கழற்றிவிடுவார், மலைக்குளிர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நல்லமுத்து மூச்சிரைக்க ஓடிவந்தான். பாஸ் கீல் ஆணியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். பேச்சியம்மாள் உள்ளே ஒரு சேலையை விரித்துப் பானை சட்டியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் கிடையாது.

“வாங்க தலைவரே. உக்காரச் சொல்ல ஒன்னும் இல்ல” என்றாள்.

“அக்கா, நான் வந்து...”

“அதெல்லாம் கெடக்கட்டும். மொதல்ல என்னா வச்சாங்க?”

அவனுக்குப் புரியவில்லை.

“சீனாக்காரன் கடையில. மொதல்ல என்னா வச்சாங்கன்னு கேட்டேன்.”

“விடுக்கா. அதப் போயி இப்ப...”

“ஏன் விடணும்? எனக்காகத்தானே அம்புட்டுப் பேரும் பட்டினி கெடந்தாங்க? என் பேருல போட்ட விருந்து அது. என்னா போட்டாங்கன்னு நான் தெரிஞ்சுக்க வேணாமா? சொல்லுங்க.”

வாசலுக்கு வெளியே பெண்கள் தட்டோடு வந்து நின்றுவிட்டார்கள். காலையில் துரை அளந்து கொடுத்த அரிசி, மூன்று வாரத்துக்குப் பிறகு வடித்த சோறு. ஒருத்தியும் வாயில் வைக்கவில்லை. வீரம்மா முன்னால் நின்றாள்.

“சூப்பு வச்சாங்க” என்றான் நல்லமுத்து. “முட்ட போட்டது.”

“முட்டைய அவிச்சா?”

“இல்லக்கா. நூலு மாதிரி ஓடவிட்டு.”

“அப்புறம்?”

“சோறு. எண்ணெயில பெரட்டுன சோறு.”

“கறி இருந்துச்சா?”

“கோழி. றாலும் கெடந்துச்சு.”

“ருசியா இருந்துச்சா?”

இல்லை என்று சொல்லிவிடத்தான் நினைத்தான். மண்ணைத் தின்ற மாதிரி இருந்தது என்று சொல்ல வார்த்தைகூட வந்துவிட்டது. ஆனால் நேற்றுப் பகலுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்காத வயிறு. கோழி, றால் என்று சொல்லும்போதே நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. விழுங்கினான். குரல்வளை ஏறி இறங்கியதை அத்தனை பேரும் பார்த்தார்கள்.

பேச்சியம்மாள் மூட்டையின் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். கடைசி ஆணி தெறித்து விழுந்தது. பாஸ் கதவை முதுகில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு, நல்லமுத்துவை ஒரு பக்கம் ஒதுங்கச் சொல்லித் தோளால் தள்ளிவிட்டுப் படியிறங்கினான். திறந்துகிடந்த வாசலால் மலைப்பனி உள்ளே வந்து அணைந்த அடுப்புவரைக்கும் போனது.

“அப்புறம்?” என்றாள் பேச்சியம்மாள்.