சாயக்கூடாத பலகை

'தூண்களில் சாயாதீர்' என்று எழுதியிருந்த பலகையின்மீது நான் சாய்ந்தேன். தூணில்தானே சாயக்கூடாது என்பது என் கட்சி. பலகை அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதன் மரக்கால் மளுக்கென்று முறிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் நாயக்கர் மகாலின் தரையில் அதுவும் நானும் ஒன்றாகப் படுத்தோம்.

நான் பெண் பார்க்க வந்த இடம் அது.

அதாவது, பெண் பார்க்க வராதது போல வந்த இடம். வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் இரண்டு பக்கமும் மனத்தாங்கல். அதனால் இரு குடும்பமும் ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்ற வந்ததுபோல் வந்து, கோயில் நந்தவனத்தில் "அடடே, நீங்களா!" என்று வியந்து, மகால் வரை சேர்ந்து நடப்பதாக ஏற்பாடு. முப்பத்தெட்டு வயதில் எனக்கு இது எட்டாவது தற்செயல். முந்தைய ஏழு வீட்டாரும் "சொல்லியனுப்புதோம்" என்றார்கள். இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏலே சமுத்திரம், செத்த நேரம் ஒழுங்கா நிக்க மாட்டியா?" என் அக்கா வெள்ளத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். பெண்ணின் தாய்மாமன் உக்கிரபாண்டிக்குத் திடீரென்று மேல்கூரை வேலைப்பாட்டில் ஆர்வம் வந்துவிட்டது.

"யாருய்யா ஒடச்சது?" என்று காவலாளி ஓடிவந்தார்.

"நான்தான். சரி பண்ணிருதேன்."

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில்லில் சூப்பர்வைசர் நான். பையில் எப்போதும் ரெண்டு சாம்பிள் ரோல் கிடக்கும். ஒன்றை எடுத்து முறிந்த காலில் சுற்றினேன். துணி நெய்யத்தான் எனக்குத் தெரியும் என்பது மூன்றாவது சுற்றிலேயே வெளிப்பட்டது. பலகை குடிகாரன் மாதிரி ஒருபக்கம் சரிந்தது.

"தள்ளுங்க."

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த பெண், பாண்டீஸ்வரி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ்.

"கட்டுப் போடுத லட்சணமா இது? ரெண்டு குச்சி எடுத்துட்டு வாங்க. ம், இப்படி வச்சுப் பிடிங்க. ஆட்டாதீங்க!"

என் கையில் குச்சி, அவள் கையில் என் மில் துணி. பத்து வருஷமாக மைல் கணக்கில் நெய்து தள்ளியிருக்கிறேன். அது இவ்வளவு அழகாக ஒரு காலைச் சுற்றி நான் பார்த்ததில்லை. பலகை நிமிர்ந்து நின்றது.

"முன்ன இருந்ததுக்கு இப்பத்தான் நேரா நிக்கி," என்றார் காவலாளி. வேடிக்கை பார்த்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டின. மகாலையே நான்தான் கட்டியதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

உக்கிரபாண்டி தொண்டையைச் செருமினார். "அப்பம், கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்புதோம்."

விழுந்தவனுக்கு இனி என்ன? "அண்ணாச்சி, ஏழு வீட்டுப் பதிலுக்கு ஏற்கெனவே காத்துக்கிட்டிருக்கேன். புடிக்கலன்னாலும் பரவாயில்ல, இன்னைக்கே சொல்லிருங்க."

"ஏலே!" என்றாள் அக்கா.

"எடுத்தோம் கவுத்தோம்னு சொல்லுத காரியமா தம்பி இது? பெரியவங்க உக்காந்து…"

பாண்டீஸ்வரி கட்டின் முனையைச் செருகிவிட்டு எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வாழப்போறது நானு. மாமாகிட்ட எதுக்குக் கேக்கீங்க? எனக்குச் சம்மதம். வைகாசியில வைங்க, லீவுக்கு இப்பமே எழுதிக் குடுக்கணும்."