எல்லாமே ஆண் குஞ்சு

மாங் செபியோ வாளியைத் தொப்பென்று கீழே வைத்தார். உள்ளங்கை அகலத் திலாப்பியா மீன் ஒன்றை எடுத்து அதன் வாயைக் கட்டை விரலால் நெம்பித் திறந்தார். மஞ்சள் மஞ்சளாக முட்டை கொட்டியது.

"எல்லாமே ஆண் குஞ்சுன்னு சொல்லித்தானே குடுத்தே, ரோசெண்டா? அப்பன்மாருங்க எப்ப இருந்து வாயில முட்டை அடைகாக்குறானுங்க?"

ரோசெண்டாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. முட்டையை வாயில் வைத்துக் காப்பது பெண் மீன். பெண் புகுந்த குளம் உருப்படுமா? குஞ்சு மேல் குஞ்சு போட்டுக் குளமே பொடியால் நிறைந்துவிடும், ஒன்றும் வளராது. அதனால்தான் முன்யோஸ் வட்டாரத்தில் அவளுடைய ஆண் குஞ்சுக்கு அவ்வளவு கிராக்கி.

"வாய்க்கால் தண்ணியில வெளிமீன் வந்திருக்கும், மாங் செபியோ."

"எந்த வாய்க்காலு? நான் விடுறது போர் தண்ணிம்மா. இன்னும் பத்து நாள்ல அடுத்த குளம் ரெடியாகுது. நல்ல குஞ்சா குடு. இல்ல, ஊர் பூரா சொல்லிருவேன்."

அவர் போய்விட்டார். அவளுடைய பொரிப்பகம் முழுக்க ஒரே ஓர் ஆண் மீனை நம்பி நின்றது.

சாதாரண ஆணிடம் எக்ஸ் குரோமோசோம் ஒன்று, ஒய் ஒன்று இருக்கும். பிள்ளைகளில் பாதி பெண்ணாகிவிடும். இரண்டுமே ஒய்யாக அமைந்தவனுக்குப் பிறப்பதெல்லாம் ஆண். அப்படி ஒருவன் வேண்டுமென்றால், குஞ்சிலேயே மருந்து கொடுத்துப் பெண்ணாக்கிய ஆணை இன்னோர் ஆணோடு சேர்க்க வேண்டும். வரும் மகன்களில் மூன்றில் ஒருவன் தேறுவான். எவன் என்று நெற்றியில் எழுதி ஒட்டியா இருக்கும்? ஒவ்வொருவனுக்கும் பெண் கட்டிவைத்து, பிள்ளைகளை வளர்த்து, அறுத்து, சாயம் தொட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும்.

மூன்று வருஷம் அதைத்தான் செய்தார்கள், ரோசெண்டாவும் தெல்பினாவும். ரோசெண்டாவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் தெல்பினா. அன்று முதல் ஒருவரையொருவர் "மாரே" என்றுதான் கூப்பிடுவார்கள். ரோசெண்டா குனிந்து பார்த்து "ஆண்... ஆண்... பெண்" என்று சொல்வாள், தெல்பினா எழுதுவாள். அப்பன் மீன்களைப் பிடிப்பதும் சோடி சேர்ப்பதும் தெல்பினாவின் வேலை. தேறியவை மூன்று. புயல் வெள்ளத்தில் இரண்டு போய், ஒன்று மிஞ்சியது.

இடுப்பு வலி என்று சொல்லித் தெல்பினா வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது.

ரோசெண்டா தொட்டியிலிருந்து ஐம்பது குஞ்சுகளை அள்ளி அறுத்தாள். "ஆண்... பெண்... பெண்..." என்று வழக்கம்போல் வாய் சொல்லியது. எழுத ஆள் இல்லை. பாதிக்குப் பாதி பெண். அப்படியானால் தொட்டியில் இருக்கிற அப்பன் அந்த மிஞ்சியவன் இல்லை. அவனைத் தூக்கிவிட்டு வேறொருவனை வைத்திருக்கிறார்கள். அப்பன் மீனில் கை வைக்கிறவள் தெல்பினா ஒருத்திதான்.

மாங் செபியோ குஞ்சு வாங்கியது ஆறு மாதத்துக்கு முன்பு. மாற்றிவைத்த பிறகும் மூன்று மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரே தட்டில் பொரித்த மீனும் சோறும் தின்றிருக்கிறாள் பாவி!

தெல்பினாவைப் பற்றி விசாரித்தபோது தீவனக் கடைக்காரர்தான் சொன்னார்: "உன் மாரேதான? கபானதுவான் பக்கம் பெரிய பண்ணையில மேஸ்திரி மாதிரி இருக்காளே, உனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை ரோசெண்டா ஜீப்னி பிடித்துப் போனாள். சிமெண்டுத் தொட்டி ஓரத்தில், கழுத்தில் பண்ணை அடையாள அட்டை தொங்க, தெல்பினா நின்றாள். பக்கத்தில் பண்ணை முதலாளி.

"இடுப்பு வலி தேவலையா, மாரே?"

"தேவல."

"என் ஆண் எங்க?"

"உன் ஆணா? வெள்ளத்துல கழுத்தளவு தண்ணியில நின்னு அத நெஞ்சோட அணைச்சுக் காப்பாத்துனது யாரு? நோட்டு பூரா யாரு கையெழுத்து? வாசப் பலகையில மட்டும் ரோசெண்டா குஞ்சாம்!"

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா உன் பேரையும் போட்டிருப்பேனேடி!"

"கேட்டாத்தான் போடுவியா?"

கேட்காமலே போட்டிருக்கலாம்தான். அதற்காக? என் வாயில் மண்ணைப் போடுவதா? "என் பிள்ளைக்கு ஞானத்தாயா நின்னவ நீ. கூட இருந்தே குழி பறிச்சுட்டியே!"

முதலாளி திரும்பினார். "மீன் அவங்களுதுங்கறாங்களா?"

"ஆமா பாஸ். இந்தா, தொட்டியில ஆறு ஆண் கெடக்கு. அவளுதுன்னா எதுன்னு கை வைக்கட்டும். சரியா வச்சா அவளே எடுத்துட்டுப் போகட்டும்."

ரோசெண்டா குனிந்தாள். ஆறும் ஒரே சாம்பல், ஒரே கோடு, ஆறுக்கும் அடையாளத்துக்கு ஒரே இடத்தில் துடுப்பு நறுக்கியிருந்தது. அவன் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் அறுத்து உள்ளே பார்த்தவள், அவனை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அதுதான் மாரே இருக்கிறாளே என்று விட்டிருந்தாள். பத்து நாளில் குஞ்சு கொடுக்க வேண்டும். தெல்பினாவின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று நிமிர்ந்து பார்த்தாள். அது எங்கும் போகவில்லை, இவள் முகத்திலேயே நின்றது.

மூலையில் ஒதுங்கிக் கிடந்த ஒன்றின்மேல் கை வைத்தாள்.

"அது இல்ல, மாரே," என்றாள் தெல்பினா, மெதுவாக.

பொய்யாகவும் இருக்கலாம். மெய்யா பொய்யா என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். ரோசெண்டா தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள்.