வலது கால்

பாதம் கழுவும் சடங்குக்குச் சரியாக முப்பத்தொரு மணி நேரம் இருந்தபோது லூர்தம்மாளின் வலது காலை மூன்று பேர் பார்வையிட்டார்கள்.

புதன்கிழமை காலை பதினொன்றரை மணி. கோயிலின் பின்னறையில், பூசை உடுப்புகள் தொங்கும் அலமாரிக்குப் பக்கத்தில், அவளை ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். கட்டை அவிழ்க்கச் சொன்னவர் பவுலின் டீச்சர். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலில் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவருக்குப் பக்கத்தில் பங்குப்பேரவைத் துணைத்தலைவர் மரியசூசை. சற்றுத் தள்ளி, செல்போனைப் பார்த்தபடி பங்குச்சாமியார் ஃபாதர் ஆனந்தராஜ்.

கடைசிச் சுற்றுத் துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. லூர்தம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தாள். சுண்டுவிரலும் அடுத்த விரலும் ஒன்றாகச் சேர்ந்துபோயிருந்தன. புறங்காலில் பாதிக்குத் தோல் இல்லை.

"அய்யய்யோ" என்று டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இதுக்கா ஃபாதர் முத்தம் குடுக்கணும்?"

பெரிய வியாழன் சாயங்காலம், ஏசுநாதர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு பேரின் வலது காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இருந்த அந்த ஊரில் பன்னிரண்டு நாற்காலியும் மேலத்தெரு ஆண்களுக்குத்தான். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. நாற்காலிகள் மேலத்தெரு வீடுகளிலிருந்து வரும்; வீட்டுக்காரர்களும் கூடவே வருவார்கள்.

இந்த வருடம் ஃபாதர் ஆனந்தராஜ் அதை மாற்றினார். அவருடைய பிரசங்கங்கள் யூடியூபில் வரும். தாழ்ச்சியைப் பற்றி அவர் பேசுகிறார் என்றால் விழுப்புரத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். குருத்து ஞாயிறு பூசையில், பன்னிரண்டாவது நாற்காலியில் இருபத்திரண்டு வருடமாகக் கோயிலைப் பெருக்கும் கீழத்தெரு லூர்தம்மாள் உட்காருவாள் என்று மைக்கில் அறிவித்தார். கீழத்தெரு கை தட்டியது. கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் மேலத்தெருவும் தட்டியது.

"எடது கால் நல்லாகீது சாமி" என்றாள் லூர்தம்மாள். "நேத்து தேங்கா நாரு போட்டுத் தேச்சிக்கினேன். அத்த கழுவுனா ஆவாதா?"

மரியசூசை சிரித்துவிட்டார். "பதினொரு பேரு வலது கால நீட்டிக்கினு இருக்கச் சொல்ல, நீ மட்டும் எடது கால நீட்டுவியா? பரேடுல கால் மாத்தி வச்சவன் கணக்கா இருக்கும்."

"சுடுதண்ணி பட்டதுன்னுதானே சொன்ன?" என்றார் டீச்சர். "ரெண்டரை மாசமா ஆறாம இருக்குமா?"

"சுகர் கீதுங்க டீச்சர்."

ஃபாதர் அப்போதுதான் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். ஒரு கணம் லூர்தம்மாளின் முகத்தைப் பார்த்தார். காலைப் பார்க்கவில்லை.

"இன்ஃபெக்‌ஷன் ஆயிடும். வேணாம்" என்றார். "லூர்தம்மா, நீ நாற்காலியில உட்கார வேண்டாம். தண்ணிச் செம்பை எடுத்துக்கிட்டு என் பின்னாடியே வா. உட்கார்றதவிட அதுதான் பெரிய தாழ்ச்சி."

"பொம்பள எடம் காலியாப் போவக்கூடாதே ஃபாதர்" என்றார் டீச்சர். "நான் வேணா உட்கார்றேன். எனக்கு ஆசையில்ல. கோயிலுக்காகத்தான்."

லூர்தம்மாள் காலைக் கட்டிக்கொண்டாள். தரையில் சொட்டியிருந்ததைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சுடுதண்ணீர் என்பது பொய். அந்தக் காலுக்கு என்ன ஆயிற்று என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருவர் ஃபாதர். அன்றைக்கு அவர்தான் சொன்னார்: "இதை யார்கிட்டயும் சொல்லாத. வாய் திறக்காம தாங்குற வலிக்குத்தான் பலன். உன் பையனோட ஆன்மாவுக்கு ஒப்புக்கொடு. வெளியே சொன்னா, சேர்த்த பலன் மொத்தமும் அத்தோட போச்சு."

அவள் மகன் சந்தோஷ் மூன்று வருடத்துக்கு முன் பைபாஸில் லாரி மோதிச் செத்தவன். சாகுமுன் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் இல்லை, எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் இல்லை. இருபத்தாறு வயதில், பாவம் தீரும்வரை உத்தரிக்கிற நெருப்பில் நிற்கிறான் என்று அவள் நம்பினாள். ஒவ்வொரு முறை கட்டு உரிக்கும்போதும் அந்த நெருப்பில் ஒரு குடம் தண்ணீர் விழுந்ததாக நினைத்துக்கொள்வாள். அதனால் வலி குறைந்த நாட்களில் அவளுக்குப் பயமாக இருக்கும்.

சாயங்காலம் மகள் இளவரசி திண்டிவனத்திலிருந்து வந்தாள். பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு அங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பையை வைத்ததும் வைக்காததுமாக அம்மாவின் காலருகே உட்கார்ந்தாள்.

"நாக்காலி போச்சாமே. பஸ்லயே சொல்லிட்டாங்க."

"செம்பு தூக்கச் சொல்லிக்கிறாரு. அது பெரிய எடம்டி."

"பெரிய எடம்னா டீச்சர் தூக்கட்டுமே." இளவரசி புண்ணின் விளிம்பை உற்றுப் பார்த்தாள். "சுடுதண்ணி பட்டா இப்டி கோடு கிழிச்சாப்ல ஓரம் கட்டாதும்மா. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரில டாக்டரும் அதத்தான் கேட்டாரு. நெஜத்த சொல்லு, இன்னா ஊத்திக்கின?"

"சுடுதண்ணிதான்."

"நான் படிச்சதே இதத்தாம்மா."

"படிச்சிட்டா பெத்தவள பொய்க்காரின்றதா?" என்று லூர்தம்மாள் எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். நடக்கும்போதே உள்ளே அறுத்தது. பெரிய வியாழன் பூசையில் நற்கருணை அப்பத்தை, அதாவது நன்மையை, வாங்க வேண்டும். அதையும் மகனுக்குத்தான் ஒப்புக்கொடுக்கப்போகிறாள். வாயில் பொய்யை வைத்துக்கொண்டு எப்படி வாங்குவது?

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்க வெளியூர்ச் சாமியார்கள் வருவது வழக்கம். சொந்தச் சாமியாரிடம் சொல்ல ஊர் கூச்சப்படும். அன்றைக்கு விழுப்புரத்திலிருந்து ஒரு கிழவர் வந்திருந்தார். லூர்தம்மாளுக்கு முன்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

"ரெண்டரை மாசமா ஒரே பொய்ய சொல்லிக்கினு கீறேன் சாமி."

"என்ன பொய்?"

"அத்த சொன்னா பலன் பூடும்."

கிழவர் களைத்திருந்தார். கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "பொய்யில ஏதும்மா பலன்? இந்தப் பாவத்துக்கு உனக்கு அபராதம் ஜெபமாலை சொல்றது இல்ல. நீயா போய் யார்கிட்டயும் சொல்ல வேணாம். ஆனா இனிமே யார் கேட்டாலும் மறைக்கக்கூடாது. மறைச்சா நன்மை வாங்காத."

அதற்கு மேல் கேட்க வரிசை விடவில்லை.

ராத்திரி முழுக்க அவள் கணக்குப் போட்டாள். ஒரு சாமி சொல்லாதே என்கிறார். ஒரு சாமி சொல் என்கிறார். இரண்டு பேருமே கடவுளுக்குப் பதிலாகத்தான் பேசினார்கள். விடியும்போது வழி கிடைத்தது: யாரும் கேட்காமல் இருந்தால் போதும். வியாழக்கிழமை பூசையில் நன்மை வாங்கும்வரை ஒருத்தரும் அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் பொய்யும் இல்லை, சந்தோஷுக்கும் ஒன்றும் நேராது.

இளவரசி எழுவதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். தெருவழியே போகாமல் மல்லாட்டைக் கொல்லை வரப்பில் நொண்டியபடி போனாள். கோயிலைப் பெருக்கினாள், துடைத்தாள், பன்னிரண்டு நாற்காலியையும் வரிசையாகப் போட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. யாராவது எதிரில் வந்தால் துடைப்பத்தோடு மணிக்கூண்டுக்குள் நுழைந்துகொண்டாள். "லூர்தம்மாக்கு நாக்காலி போன ரோசம்" என்று மரியசூசை யாரிடமோ சொல்வது கேட்டது. சொல்லிக்கொள்ளட்டும், கேட்காமல் இருந்தால் சரி.

ஆறரை மணிக்குச் சடங்கு தொடங்கியது. கோயில் நிறைந்து வெளியே பந்தலிலும் கூட்டம். ஃபாதர் மேலங்கியைக் கழற்றிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார். அவர் முழங்காலிடுவார், லூர்தம்மாள் செம்பைச் சாய்ப்பாள், பூசைக்கு உதவும் பீடச் சிறுவர்கள் தாம்பாளத்தை நகர்த்துவார்கள். ஒவ்வொரு காலிலும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிய வாசனை வந்தது. பன்னிரண்டாவதாக பவுலின் டீச்சர். கால் நகங்களில் புதுச் சாயம். தண்ணீர் பட்டதும் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு அழுதார்.

முடிந்தது என்று லூர்தம்மாள் மூச்சு விட்டபோதுதான் முன்வரிசையில் யாரோ "தரையைப் பாரு" என்றார்கள். வெள்ளைக் கல் தரையில், முதல் நாற்காலியிலிருந்து பன்னிரண்டாவது வரை, ஒரே காலின் ரத்தத் தடம். கேமராக்காரனும் அதைத்தான் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான்.

ஃபாதர் கேமராவைப் பார்த்தார். தடத்தைப் பார்த்தார். மைக்கைக் கையில் எடுத்தார்.

"அன்பு மக்களே, தாழ்ச்சி என்றால் என்ன என்று என்னிடம் கேட்கிறீர்கள். இதோ பாருங்கள். பன்னிரண்டாவது நாற்காலி இந்த அம்மாவுக்கு உரியது. யாரும் இவர்களைத் தடுக்கவில்லை. இவர்களாகவே வந்து, எனக்கு வேண்டாம் சாமி, வேறு யாராவது உட்காரட்டும் என்றார்கள்."

டீச்சர் தலையாட்டினார்.

"இன்றைக்குப் பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று. உட்காருங்கம்மா."

பீடத்துப் படியில் அவளை உட்கார வைத்தார்கள். ஃபாதர் அவள் முன்னால் முழங்காலிட்டு, கட்டை அவிழ்க்காமல், கையால் தொடாமல், துணியின் மேலேயே தண்ணீரை ஊற்றினார். துணியில் சிவப்பு பரவியது. கூட்டத்தில் விசும்பல் கேட்டது. அவர் மைக்கை அவள் வாயருகே நீட்டினார். இரண்டரை மாதமாக அவள் ஊருக்குச் சொல்லிவரும் பதிலை அவர் பலமுறை பக்கத்திலிருந்தே கேட்டிருக்கிறார். நம்பிக்கையோடுதான் கேட்டார்.

"சொல்லுங்கம்மா. இந்தக் காலுக்கு என்ன ஆச்சு? இவ்வளவு வலியையும் முணுமுணுக்காம எப்படித் தாங்குறீங்க?"

அவர் அவளிடம் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

லூர்தம்மாள் நிமிர்ந்தாள். நடுத்தூணில் சாய்ந்தபடி இளவரசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பீடத்துக்குப் பின்னால் நற்கருணைப் பேழையின் சிவப்பு விளக்கு. அதற்கும் பின்னால், அவள் கண்ணுக்கு மட்டும், நெருப்பில் இடுப்புவரை நிற்கும் சந்தோஷ். இரண்டரை மாதமாகக் குடம் குடமாக ஊற்றியது. 'அம்மாவ மன்னிச்சிக்கோடா' என்று மனசுக்குள் சொன்னாள்.

"சுடுதண்ணி இல்ல சாமி" என்றாள்.

பந்தலில் இருந்த ஒலிபெருக்கியும் அதைச் சொன்னது. ஃபாதர் மைக்கை இழுத்தார். இருபத்திரண்டு வருடம் துடைப்பம் பிடித்த கை அவர் கையோடு சேர்த்து அதைப் பிடித்திருந்தது, விடவில்லை. அவள் குரலில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறவளின் பணிவுதான் இருந்தது.

"பொங்கலுக்கு மறுநாளு, உங்க பங்களா கக்கூஸ கழுவச் சொல்ல, ஆசிட் பாட்டில் கால்ல சாஞ்சிடுச்சி. செருப்போட உள்ள வராதன்னு சொல்லிக்கிறீங்களே, வெறுங்காலு. கொழாயில தண்ணி வர்ல. கதவத் தட்டி, கால்ல ஊத்திக்க ஒரு சொம்பு தண்ணி குடுங்க சாமின்னு கேட்டேன். கூடத்துல பெரிய மனுசங்க சாப்ட்டுக்கினு கீறாங்க, அவங்க போறவரிக்கும் சத்தம் போடாதன்னு வெளிய தாப்பா போட்டுட்டீங்க. ஒரு மணி நேரம் கழிச்சித்தான் சாமி தொறந்தீங்க."