மேடை ஏறாத சுவர்

அப்பாவுக்கு எடைமேடையில் வேலை. சரக்கு லாரி மேடை மேல் ஏறும், எதிரே எண் விழும், அளவு தாண்டினால் அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி "கொஞ்சம் இறக்குப்பா" என்பார். பல வருடமாக இந்த ஒரே வாக்கியத்தில்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது. எனவே உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் இருப்பது ஒரே தீர்வு. எனக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தபோதுகூட, தலையிலிருந்து சினிமாவைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார்.

அப்பேர்ப்பட்டவர் வாங்கிய மனை, ஒரு காலத்தில் குட்டையாக இருந்து பிறகு மனம் திருந்திய இடம். முழுசாகத் திருந்தியது என்றும் சொல்ல முடியாது. நடந்தால் கால் முன்னே வரும், செருப்பு பின்னே தங்கும். முழங்கால் ஆழம் தோண்டினால் போதும், தண்ணீர் கூப்பிடாத விருந்தாளி மாதிரி மெதுவாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அம்மா புத்தகங்களுக்கு பைண்டிங் போடுகிறாள். தாள்களின் ஓரத்தைச் சீராக வெட்ட அவளிடம் ஒரு கட்டிங் மெஷின் உண்டு. முழுக்க வார்ப்பிரும்பு. பக்கத்தில் பெரிய கைச்சக்கரம், நடுவில் நீளமான கத்தி. நாங்கள் குடியிருப்பது மாடியில் என்பதால் வீட்டுக்காரர் அதை ஏற்ற விடவில்லை. யாரோ தெரிந்தவருடைய கொட்டகையில் கிடந்தது. ஓரம் வெட்ட வேண்டிய புத்தகக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அம்மா பஸ் மாறிப் போய் வருவாள். புது வீட்டில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: மெஷினுக்கு முன்னறை.

அப்பா முதலில் செய்த காரியம், வீட்டுச் சாமான் அத்தனையையும் ஒரு மினி லாரியில் ஏற்றித் தன் மேடையிலேயே எடை போட்டதுதான். பீரோ, கட்டில், நான். அம்மா ஏற மறுத்தாள். அப்பா உத்தேசமாக ஓர் எண் போட்டுக்கொண்டார். அந்த எண்ணைக் கேட்டதிலிருந்து இரண்டு நாள் வீட்டில் ரசம் மட்டும்தான்.

அஸ்திவாரத்தை முடிவு செய்ய மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கட்டட என்ஜினியர்.

"சாதாரண அஸ்திவாரமே போதும் மாப்ள," என்றார் அப்பா. "எடையைக் குறைச்சா வீடு நிக்கும். அந்த மெஷினை இறக்கிடுவோம்."

"ஏங்க, அது இன்னும் ஏறவே இல்லையே, எங்கேருந்து இறக்குவீங்க?" என்றாள் அம்மா.

"அத்தான், இந்த மண்ணுல சாதாரண அஸ்திவாரம் போட்டா டீயில பிஸ்கட் நிக்கற மாதிரிதான்," என்றார் மாமா. "ராஃப்ட் போடுவோம். வீட்டுக்கு அடியில முழுக்க ஒரே கான்கிரீட் பலகை. தெப்பம் மாதிரி தாங்கும்."

"வீடு கட்டுடான்னா படகு விடறியே!"

அம்மா பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "ரெண்டு பேரும் அப்புறம் சண்டை போடுங்க. மெஷினைக் கொண்டுபோய் முன்னறை வர்ற இடத்துல ஒரு வாரம் நிறுத்துங்க. நின்னா அறை எனக்கு. முங்கிச்சுன்னா இந்த வீட்டைப் பத்தி நான் வாயே திறக்கல."

அப்பா எடை விஷயத்தில் நேர்மையானவர். அதோடு, அம்மா வாய் திறக்காமல் இருக்கும் வாய்ப்பு வாழ்க்கையில் அடிக்கடி வருவதில்லை. உடனே ஒத்துக்கொண்டார்.

மெஷின் மண்ணில் இறங்கியது. மேலே தார்ப்பாய். அப்பா தினமும் சாயங்காலம் ரசமட்டத்தோடு போய், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வருவார். கண்ணாடிக் குழாயின் குமிழி நாளுக்கு நாள் ஓரம் ஒதுங்கியது.

கெடு முடிந்து எல்லோரும் போனபோது, வலப்பக்கக் கால்கள் இரண்டும் மண்ணுக்குள் போயிருந்தன. யாரையோ கும்பிடுவதுபோல் மெஷின் சாய்ந்து நின்றது. அம்மா தார்ப்பாயை விலக்கி, கத்தியில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள். முந்தானையால் கைச்சக்கரத்தைத் துடைத்தாள். பந்தயப்படி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜெயித்த அப்பாவின் முகத்தைப் பார்த்தால் தோற்றவர் மாதிரி இருந்தது.

"அத்தான், இடப்பக்கக் காலு ஏன் முங்கல?" என்று மாமா குனிந்தார். ஒரு கம்பியை எடுத்துக் குத்தினார். இடப்பக்கம் டங்கென்று நின்றது. வலப்பக்கம் வெண்ணெயில் போவதுபோல் போனது. "பழைய குட்டையோட கரை சரியா இங்கதான் ஓடுது. பாதி வீடு கரையில, பாதி குட்டையில. ராஃப்ட் போட்டிருந்தா வீடே மொத்தமா ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கும். நல்லவேளை!"

"ராஃப்டுன்னு சொன்னதே நீதானேடா!"

"அதனாலதான் நல்லவேளைங்கறேன்."

"எப்படியோ, மெஷின் பாரம் ஜாஸ்தி. அதானே?"

"ஒரு சுவரே இந்த மாதிரி பத்து மெஷின் வரும் அத்தான். சுவரையெல்லாம் எடை போட்டீங்கல்ல?"

அப்பா நிமிர்ந்தார். "சுவர் எப்படிடா மேடையில ஏறும்?"

மேடையில் ஏறாத எதற்கும் எடை கிடையாது என்று இத்தனை நாள் நம்பிவந்த மனிதர், மெஷினின் சாய்ந்த பக்கம் போய் நின்றார். இறக்க வேண்டியவை நாலு சுவரும் கூரையும் என்றால், மிஞ்சுவது மனைதான். அது ஏற்கெனவே இருக்கிறது.

"வேற என்னதான் வழி?"

"பைல் போடணும். ஆழமாத் துளை போட்டு, கெட்டி மண்ணுல போய் உட்கார்ற மாதிரி கான்கிரீட் தூணுங்க. பாரம் மேல் மண்ணுக்கு வராது, எல்லாத் தூணும் பிரிச்சு வாங்கிக்கும்."

அப்பாவின் முகம் தெளிந்தது. "அதாவது, சக்கரத்தைக் கூட்டறே."

"என்னது?"

"ஆறு சக்கர லாரிக்கு ஓவர் லோடு. அதே சரக்கு பத்து சக்கர லாரிக்கு ஓவர் லோடா? இதை அன்னைக்கே இப்படிச் சொல்றதுக்கென்ன? படகு, பிஸ்கட்டுன்னுட்டு!" குச்சியால் முன்னறையின் மூலைகளைக் குத்திக் காட்டினார். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. மெஷின் நிக்கற இடத்துல ரெண்டு சேர்த்துப் போடு."

அம்மா சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஏதாவது சொல்லேன்."

அம்மா தன் வாயைச் சுட்டி, பிறகு முங்கிய கால்களைச் சுட்டினாள்.

"ரெண்டு காலுதானே முங்குச்சு? ரெண்டு நிக்குதுல்ல? பாதி நீ ஜெயிச்சிருக்கே."

"அப்போ பாதி பேசறேன்," என்றாள் அம்மா. "அறை சரி. பிளான்ல நீங்க வரைஞ்சிருக்கற கதவுல இந்த மெஷின் எப்படி நுழையும்?"

மாமா ஓடிப்போய் டேப்பை எடுத்து வந்தார். அப்பா ஒரு நுனியைப் பிடித்தார். முட்டி வரை சேற்றில் நின்றுகொண்டு மெஷினின் அகலத்தை அளந்தார்கள். அளந்து முடிக்கும்வரை இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.