ஈரம் காயும்வரை

ஓட்டுக்காரர் வீட்டுக் கொடியில் காயப்போட்ட நீலக்கட்டம் போட்ட சட்டைக்குள், ஊரைவிட்டுப் போன மூத்த மகன் வருடத்துக்கு ஒரு நாள், ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் இருந்தான். சட்டை ஈரமாக இருக்கும்வரை இருப்பான், காய்ந்ததும் போய்விடுவான். முகம் கிடையாது, விரல்கள் கிடையாது. சட்டை எதையெல்லாம் மூடுமோ அது மட்டும் இருந்தது: இரண்டு தோள்கள், மார்பு, முதுகு, மணிக்கட்டு வரை கைகள். கழுத்துப்பட்டி வழியாக எட்டிப் பார்த்தால் உள்பக்கத்துத் தையல் தெரியும், வேறொன்றும் தெரியாது.

சுற்றுவட்டாரத்துக் கூரைகளுக்கெல்லாம் ஓடு போட்டுக் கொடுத்தவர் என்பதால் அவருக்கு ஓட்டுக்காரர் என்றே பெயர். மனைவி இரண்டு மாடுகளையும் காய்கறிப் பாத்தியையும் பார்த்துக்கொண்டாள். மூத்தவன் அப்பாவோடு வேலைக்குப் போனான். அவனைவிட எட்டு வயது இளையவள் சின்னவள். மூத்தவனுக்குப் பத்தொன்பது வயதில், மாவு மில்லுக்குக் கூரை மாற்றும்போது, கீழே மூட்டையோடு காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி ஓட்டுக்காரர் உச்சியிலிருந்து சொன்னார்: "வரிசையா இது? பாம்பு போன தடம் மாதிரி இருக்கு. உன்னை நம்பிக் கோழிக்கூண்டுக்குக்கூட ஓடு போட முடியாது." பையன் இறங்கினான். ஏணியை எடுத்துப் புல்லின்மேல் பூப்போலப் படுக்க வைத்தான். கையைத் தட்டிக்கொண்டு சாலையில் நடந்தான். மூட்டைக்காரர்கள் ஏதோ சாமான் எடுக்கப் போகிறான் என்று நினைத்தார்கள். அவரவர் மாவை வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு மில் ஓடுகிற சத்தத்தில் ஓட்டுக்காரர் கத்தியது மில்காரர் காதில் விழவே இல்லை. மத்தியானம் இயந்திரத்தை நிறுத்திய பிறகுதான் மேலே ஒரு மனிதர் இருப்பது தெரிந்தது.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஒரு வருடம் முழுக்க அந்த ஊரில் யார் எங்கே ஏறினாலும், சாப்பாடு கட்டிக்கொண்டாயா என்று கேட்டார்கள். ஓட்டுக்காரர் வீட்டில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: இனி அவன் பேச்சு இங்கே எடுக்கக் கூடாது. மனைவி எடுக்கவில்லை. மகனிடமிருந்து கடிதமும் இல்லை, தகவலும் இல்லை. கிணற்றில் போட்ட கல்.

அந்தப் பக்கத்தில் பனி விலகி முதல் வெயில் உறைக்கிற நாளில் எல்லா வீடுகளிலும் ஒரே வேலைதான். குளிர்காலம் முழுக்கச் சாத்திக் கிடந்த ஜன்னல்களைத் திறப்பார்கள். போர்வை, திரைச்சீலை, பெட்டியில் கிடந்த துணி எல்லாவற்றையும் வெளுத்துப் போடுவார்கள். மகன் போன மறு வருடம் ஓட்டுக்காரர் மனைவியும் போட்டாள். காற்று துளியும் இல்லை. போர்வைகள் தூங்கிக்கொண்டு தொங்கின. தொட்டிக்குப் போய் அடுத்த துணியை அலசிக்கொண்டு திரும்பினால், மகன் விட்டுப்போன நீலக்கட்டச் சட்டை மட்டும் உப்பி நின்றது. அவள் விரலை எச்சிலில் நனைத்து உயர்த்திப் பார்த்தாள். காற்று இல்லைதான். பக்கத்தில் போனாள். சட்டையின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை வைத்தாள். ஈரத்துணிக்கு அடியில் சூடு. சூட்டுக்கு அடியில் இதயம், அவசரப்படாமல், நல்ல தாளத்தில். கை தானாக விலாப்பக்கம் போயிற்று. ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகத் தட்டுப்பட்டது.

"சாப்பிடறதே இல்லையா நீ?" என்றாள்.

பிறகு அங்கேயே, முழங்கால் வரை நனைந்த புடவையோடு, அடுப்பில் வைத்தது தீய்ந்து வாசனை வரும்வரை நின்றாள். சட்டை காய்ந்து தட்டையானபோது, மில் இரைச்சலுக்குள் நின்று வெளியே வந்தவளைப் போல அவளுக்குக் காது அடைத்திருந்தது.

பக்கத்து வீட்டுத் தையற்காரி அடுத்த வருடம் துணி மாட்டும் கவ்வி இரவல் கேட்க வந்தவள், சட்டையைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். "வலது தோள் இறங்கியிருக்கு. சுமை தூக்கற வேலை போல" என்று சொல்லிவிட்டுக் கவ்விகளை வாங்கிக்கொண்டு போனாள். ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான். யாரும் கூட்டம் போடவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்க்கிற நேரத்தில் வேலியோரம் நிற்பது மரியாதையில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் வருடம் மார்பு அகன்று ஒரு பொத்தான் தெறித்தது. அவள் புதுச் சட்டை தைத்து நனைத்துப் போட்டுப் பார்த்தாள். அது வெறும் துணியாகவே தொங்கியது. அதனால் பழைய சட்டையையே பிரித்து, அக்குளிலும் முதுகிலும் ஒட்டுத்துணி கொடுத்துப் பெரிதாக்கினாள். ஒட்டுக்குள்ளும் மகன் வந்தான். நான்காம் வருடம் சட்டை நடுங்கியது. உள்ளே கொதித்த காய்ச்சலில் ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டது. அடுத்த பனி விலகும்வரை அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வருடம் அவன் எதற்கோ சிரித்தான். தோள் குலுங்கக் குலுங்கச் சட்டை கொடியையே ஆட்டியது. எதற்கென்று தெரியாமல் அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எந்த வருடமானாலும் சட்டை நேராகத் தொங்கியதில்லை. எப்படி மாட்டினாலும் கிழக்கே, ஆறு ஓடுகிற திசையில் சாய்ந்தே நின்றது.

ஓட்டுக்காரர் ஒரு முறையும் கொடிப்பக்கம் வரவில்லை. அன்றைக்கு மட்டும் அவருக்கு எங்கேயாவது அவசரமான கூரை வேலை இருக்கும். பல வருடங்கள் கழித்துத்தான் மனைவி ஒன்றைக் கவனித்தாள். அந்தக் கூரைகள் ஒரு வருடம் பள்ளிக்கூடம், ஒரு வருடம் மில், ஒரு வருடம் தபால்காரர் வீடு என்று மாறினாலும், எல்லாமே அவர்கள் கொல்லையை நேராகப் பார்க்கிற கூரைகள். அன்றைக்கு அவர் போட்ட வரிசைகள் கோணலாக இருக்கும். மறுநாள் போய், யாரிடமும் சொல்லாமல், பிரித்து நேராகப் போட்டுவிட்டு வருவார். அவள் கவனித்ததை அவரிடம் சொல்லவில்லை.

ஏழாம் வருடம் இடது கை வரவில்லை.

வலது கை நிறைந்தது, மார்பு நிறைந்தது, தோள்கள் நிறைந்தன. இடது சட்டைக்கை முழங்கை வரை உருண்டு, அதற்குக் கீழே ஈரத்துணியாகத் தொங்கியது. துணி சுருண்டிருக்கும் என்று சின்னவள் பிரித்து நீவிவிட்டாள். முழங்கைக்கு அருகே விரல் பட்டதும் சட்டை முழுவதும் விருட்டென்று பின்வாங்கியது. பதினெட்டு வயதுப் பெண், கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது தபால்காரர் வீட்டுக் கூரையில் ஓடு ஒன்று விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. அவர் எந்த வழியாக இறங்கினாரோ, எந்த வேலியைத் தாண்டினாரோ, ஓட்டுக்காரர் கொல்லைக்குள் வந்து சட்டைக்கு எதிரே நின்றார். உள்ளங்கையில் செம்மண் தூள். மகன் அவருடைய உயரத்தைத் தாண்டியிருந்தான்.

"கையைக் காணோமே" என்றார்.

அவர் கையைத் தன் வேட்டியில் துடைத்துவிட்டு, வலது தோளில் மெதுவாக வைத்தார். சட்டை அசையாமல் நின்றது. கூரையின் சரிவைக் கண்ணாலேயே அளக்கிற மனிதர், சட்டை சாய்கிற சாய்வை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "ஆத்தோரமாத்தான் இருக்கான். காயறதுக்குள்ள கிளம்பணும்."

"காஞ்சா நனைச்சுக்கலாங்க" என்றாள் மனைவி. "நானும் வர்றேன்."

சினைமாடு இன்றோ நாளையோ என்றிருந்தது. சின்னவள், கன்று ஈனுவதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, இரண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் என்றிருந்தது அந்த முறை மூன்று நாள் நீடித்தது. ஒரு முனையில் குறுக்குக் குச்சி கட்டிய கழியில் சட்டையை மாட்டி ஓட்டுக்காரர் முன்னால் நடந்தார். அவள் பின்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தாள். சட்டை எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கம் போனார்கள். பேருந்தில் நடத்துனர் ஒரு தரம் பார்த்தார், பிறகு ஜன்னலோரம் இருந்தவரை எழுப்பிவிட்டார். "கை அடிபட்டவங்க உக்காரட்டும்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேருந்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, கேட்காமலேயே தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் எடுத்து முதுகை நனைத்தாள். இருமருங்கும் உழுத நிலம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வேலிச்செடிகளில் துளிர் தலைகாட்டியிருந்தது. ஓட்டுக்காரர் மனைவி அவ்வளவு தூரம் வந்தது அதுவே முதல் தடவை. இத்தனை பெரிய உலகத்தில் ஒரு சட்டை வழி சொல்கிறதே என்று நினைத்தபோது அவளுக்கு மேல் சிலிர்த்தது. பக்கத்தில் கணவர், ஏழு வருடமாகப் பேசாததையெல்லாம் சேர்த்து, ஒட்டுத்துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இது எந்த வருஷம், இது எந்த வருஷம் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் ஆற்றங்கரையில் மரம் அறுக்கும் ஊர் வந்தது. தெருவெல்லாம் மரத்தூள். சட்டை இழுத்த இழுப்பில் கழியை அவர் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. தொழிலாளர் குடியிருப்பில் ஐந்தாவது கதவுக்கு முன்னால், சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே, சட்டை ஒரே நொடியில் தட்டையாகித் தொங்கியது. அவள் கையிலிருந்து பாட்டில் விழுந்தது. ஈரத்தோடு அது காலியானதே இல்லை. ஓட்டுக்காரர் கதவைத் தட்டக் கையை உயர்த்தினார், தட்டவில்லை. உயர்த்திய கை அப்படியே நின்றது. உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாளை ஒற்றைக் கையால் எடுக்கத் தடுமாறுகிற சத்தம் கேட்டது.

மேல்சட்டை இல்லாமல் நின்றான். தாடி. இடது முழங்கையில் கட்டு. இயந்திர வாளில் கை போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவர்களைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை. வழிவிட்டு, இருந்த ஒரே நாற்காலியை அம்மாவுக்குக் காட்டினான். வருடத்தில் ஒரு நாள் முதுகு சில்லிட்டுச் சோப்பு வாசனை வரும் என்றும், யாரோ விலா எலும்பை எண்ணுவார்கள் என்றும், எண்ணி முடித்ததும் போய்விடுவார்கள் என்றும் சொன்னான். பிறகு அப்பா பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"அன்னிக்கு எவ்வளவு நேரம் மேல உக்காந்திருந்தீங்க?"

"மத்தியானம் வரைக்கும்." ஓட்டுக்காரர் கழியைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்தது, மறுபடி சாய்த்தார். "சாலை திரும்பற வரைக்கும் நீ போறது எனக்குத் தெரிஞ்சுது. பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தா உனக்குக் கேட்டிருக்கும். மில்காரனைத்தான் கூப்பிட்டேன். உன்னைக் கூப்பிடலை."

மகன் அம்மாவிடம், குடிக்கத் தண்ணீர் அந்த மூலையில் இருக்கிறது என்றான். அப்பாவுக்கும் கொடுக்கச் சொன்னான். மூன்று பேரும் வீடு திரும்பியபோது கன்றுக்குட்டிக்கு நாலு நாள் வயதாகியிருந்தது.

அந்த வருடம் முழுக்க அவன் மாட்டுக்கொட்டகைக்கும் பாத்திக்கும் இடையில் நடந்தான். ஒரு கையால் வாளியைத் தூக்கலாம், பால் கறக்க முடியாது. மண்வெட்டியைப் பிடிக்கலாம், போட முடியாது. சாப்பாட்டு வேளையில் அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து, மழை வருமா வராதா என்பதைத் தவிர வேறு பேசவில்லை. ஆனால் பேசினார்கள். மறுபடி பனி விலகியது. வெளுத்த துணியோடு துணியாக அவள் அந்தச் சட்டையையும் போட்டாள். ஆள்தான் வீட்டில் இருக்கிறானே, அது வெறுமே தொங்கும் என்றுதான் நினைத்தாள். சட்டை வெறுமேதான் தொங்கியது. இடது கை மட்டும், முழங்கைக்குக் கீழே, உருண்டு திரண்டு நின்றது.

அவள் மகனைக் கூப்பிட்டாள். அவன் வந்து பார்த்தான். அவள் ஈரச் சட்டையை எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டாள். அவன் பல் கிட்டிப்போகக் குளிரில் நின்றான். பிறகு இடது முழங்கையை மடக்கினான். சட்டைக்கை மடங்கியது. மணிக்கட்டைச் சுழற்றினான். விளிம்பு சுழன்றது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. துணி எதை மூடுமோ அது மட்டுந்தானே. அவள் அந்த நிமிடமே தையற்காரி வீட்டுக்கு நடந்தாள். தையற்காரி வந்து, வலது கையைப் பலகைமேல் விரித்து வைத்து அளவெடுத்து, திருப்பி வெட்டி, ஐந்து விரலுக்கும் உறை தைத்துச் சட்டைக்கை விளிம்பில் இணைத்தாள். "சுண்டுவிரல் கொஞ்சம் தளர்வா இருக்கலாம், பாத்துக்கோ" என்றாள். ஓட்டுக்காரர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். உறையின் விரல்கள் ஒவ்வொன்றாக, கட்டைவிரலில் தொடங்கி, நிறைந்தன. அம்மா அதைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டாள். நகம் இருந்தது. நாடி இருந்தது. அந்தக் கை அவள் கையை அழுத்தியது. கொல்லையில் இருந்த எல்லோரும், கன்றுக்குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பாத்தியில் இறங்கி மேய்வதைக்கூடக் கவனிக்காமல் நின்றார்கள்.

இப்போது அப்பாவும் மகனும் சேர்ந்துதான் வேலைக்குப் போகிறார்கள். வருடத்தில் ஒரு நாள் என்ற கணக்கெல்லாம் இல்லாமல், நனைத்தபோதெல்லாம் அந்தக் கை வருகிறது. கூரைமேல் ஓட்டுக்காரர் ஓட்டை நீட்டுவதற்கு முன்னால் மகனின் இடது கையை நனைக்கிறார். பக்கத்தில் அதற்கென்றே ஒரு வாளி இருக்கும். வரிசைகள் சில இடங்களில் கோணல்தான், அதை அவர் பிரிப்பதில்லை. கோடையில் துணி சீக்கிரம் காய்ந்துவிடுவதால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். கூரை மாற்ற நினைக்கிறவர்கள் பனி விலகியதுமே வந்து சொல்லி வைத்துவிடுவது நல்லது.