கடைசி எபிசோட்டில் இளவரசி சொன்னது

தேயிலக் கொழுந்து நிறுத்து முடிஞ்சதும் நான் ஓடுன ஓட்டத்தப் பாத்து கங்காணியே சிரிச்சாரு. சிரிக்கட்டும். அன்னிக்கு சீன இளவரசி நாடகத்துக்குக் கடைசி எபிசோட்! ரெண்டு மாசமா எங்க எஸ்டேட் லயத்துப் பொம்பளைங்க ஆறு பேரும் அதுலதான் உசுர வச்சிருந்தோம்.

அஞ்சரைக்கெல்லாம் எங்க ஹால் நெறஞ்சிருச்சு. எங்களுக்குச் சீனம் தெரியாது. கீழ ஓடுற மலாய் எழுத்த நான் கூட்டிப் படிக்கறதுக்குள்ள மாறிடும். அதனால என் மக யுவனேஸ்வரிதான் டீவி பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லுவா. ராஜாவுக்குக் கட்டக் குரலு, இளவரசிக்கு மெல்லிசுக் குரலு. எங்களுக்கு அவ சொன்னதுதான் கத.

அவளுக்கு ஞாயித்துக்கெழம பூ வைக்க வர்றாங்க. கம்போங் ராஜாங்கற ஊரு மாப்பிள்ள, காய்கறி ஏத்த சொந்தமா ரெண்டு லோரி. ஈப்போவுல நர்ஸ் படிக்க எடம் கெடச்சிருக்குன்னு போன மாசம் இவ லெட்டரக் காட்டுனா. "படிச்சுக் கிழிச்சது போதும்"னுட்டேன். அவ அப்பா போனதுக்கப்புறம் வீட்டுல முடிவு எடுக்கிறது நான்தானே? அப்புறம் அவ வாயத் தொறக்கல. சம்மதம்னு நெனச்சுக்கிட்டேன்.

நாடகம் ஆரம்பிச்சிருச்சு. சண்ட நிக்கணும்னா வடக்கு நாட்டு ராஜாவுக்கு இளவரசியக் கட்டிக் குடுக்கணும். அவ அப்பா முன்னால மண்டி போட்டா. எங்க யாருக்கும் மூச்சே வரல.

"அப்பா, நான் போவ மாட்டேன்," யுவனா மெல்லிசாச் சொன்னா. "எனக்கு வைத்தியம் படிக்கணும். ராத்திரியெல்லாம் அழுவுறேன். அம்மா பக்கத்துலதான் படுத்திருக்காங்க. அவங்களுக்குக் கேக்கல."

ராணி ஓரமா செல மாதிரி நின்னா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "அடிப்பாவி! பெத்தவதானே நீ? வாயில என்ன கொழுக்கட்டையா? பேசேன் லா!"னு எந்திரிச்சே கத்திட்டேன்.

ராஜா என்னமோ சொன்னாரு. "சரிம்மா, நீ போவேணாம்," யுவனா கட்டக் குரல்ல சொன்னா.

அடேயப்பா! நாங்க கத்துன கத்துல பக்கத்து வீட்டு நாயே கொலச்சிருச்சு. கூட உக்காந்திருந்த உமாதேவிக்குக் கண்ணுல தண்ணி.

அடுத்த நிமிசமே இளவரசி செவப்புச் சேல மாதிரி ஒண்ணக் கட்டிக்கிட்டு, அழுதுக்கிட்டே வண்டியில ஏறுனா.

"ஏண்டி, போவேணாம்னு சொன்னாருல்ல?" உமாதேவி கேட்டா. "பின்ன ஏன் ஏத்துறானுங்க?"

"ராஜா அப்படிச் சொல்லல அத்த. அவளும் போறேன்னுதான் சொன்னா."

"அப்ப நீ சொன்னது?"

"அது நான் சொன்னது." இந்தத் தடவ அவ சொந்தக் குரலு.

எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு. அஞ்சு பேரு முன்னாடி மானத்த வாங்கிட்டாளே! கையக் கூட ஓங்கிட்டேன். ஆனா எல்லாரும் என்னையே பாக்குறாங்க. ராணியத் திட்டுன வாய் இன்னும் காயல. அந்த ராணி எங்க அவ மக பக்கத்துல படுத்தா? நான்தான் அதே பாயில கொறட்ட விட்டுக்கிட்டுக் கெடந்திருக்கேன்.

கை தானா எறங்கிருச்சு. போன எடுத்துத் தரகர் செல்லையாவுக்கு அடிச்சேன்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம அவங்கள வரவேணாம்னு சொல்லிடுங்க."

"என்னாம்மா துளசி இது? நான் என்னான்னு சொல்றது?"

"பொண்ணு ஈப்போவுக்குப் படிக்கப் போவுதுன்னு சொல்லுங்க. அவங்க ஆத்தா அனுப்புறான்னு சொல்லுங்க!"

யுவனா பாஞ்சு வந்து கட்டிப் பிடிச்ச வேகத்துல போன் கீழ விழுந்துருச்சு. செல்லையா அண்ணன் தரையில கெடந்து ஹலோ ஹலோன்னு கத்துறாரு. எடுக்க எனக்குக் கை ஒழியல.