இருபத்தேழாம் எண் டயர்

ஒரு பந்தயத்துக்கு ஒரு புது டயர். அதற்கு மேல் கிடையாது. ஓட்டுநர்களின் குளிர்காலக் கூட்டத்தில் மேசையைத் தட்டித் தட்டி இந்த விதியைக் கொண்டுவந்தவள் மார்லா. ஒரு வருடம் பார்ப்போம், கடைசிப் பந்தயம் முடிந்ததும் கை தூக்கி முடிவு செய்வோம் என்றார்கள். இன்று கடைசிப் பந்தயம்.

விதி போனால் மார்லாவும் போக வேண்டியதுதான். தார்த்தடத்தில் ஸ்பிரிண்ட் கார் என்ற இந்தச் சின்னப் பந்தய வண்டி டயரைத் தின்றுவிடும். இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும் வண்டியில் பாரமெல்லாம் வலது பின் டயரின் தலையில். முன்பெல்லாம் வசதியுள்ளவர்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் புதிது மாட்டினார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்லாவுக்கு அது கட்டுப்படியாகாது. ஒரு பந்தயம் விடாமல் அவள் ஓட்டியது இந்த வருடம்தான்.

எதிர்ப்பக்கம் வெண்டல். இண்டியானா மாநிலத்தின் பாதிச் சாலைகளுக்கு ஜல்லி கொடுக்கும் குவாரி முதலாளி. அறுபத்தொரு வயது.

"டயரை எண்ணி எண்ணி ஓட்டறதுக்குப் பேரு பந்தயமா? சவ ஊர்வலம்" என்பார்.

தகுதிச் சுற்று முடிந்தபோது மதியம் மூன்று மணி. வெண்டலின் வண்டி நொண்டிக்கொண்டு வந்தது. தடத்தில் ஏதோ இரும்புத் துண்டு கிடந்திருக்கிறது. புது டயரின் பக்கவாட்டில் கையகலக் கிழிசல்.

டயர் சோதிக்கும் மேவிஸ் குனிந்து பார்த்தாள்.

"முன்னாடி பந்தயத்துல நாங்க முத்திரை குத்தின பழசு இருந்தா மாட்டுங்க."

வெண்டல் கையை விரித்தார். ஒருமுறை ஓடிய டயரை அவர் வைத்துக்கொண்டதே இல்லை. அத்தனையும் லாரி இடிக்காமலிருக்கக் குவாரிச் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன.

"இல்லேன்னா யார்கிட்டயாவது இரவல் வாங்குங்க. அவங்க நம்பரை அழிக்கக் கூடாது. புதுசு மட்டும் கிடையாது."

"பாத்தீங்களாப்பா?" வெண்டல் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார். "ஒரு இரும்புத் துண்டுக்காக நான் மூட்டையைக் கட்டணுமாம். இதுதான் இவங்க விதி!"

சுற்றி நின்றவர்களின் தலைகள் ஆடின. மார்லா ஆடிய தலைகளை எண்ணினாள். பாதிக்கு மேல்.

அவளிடம் ஒரு டயர் இருந்தது. போன பந்தயத்தில் ஓடியது. அதன்மேல் உட்கார்ந்துதான் தம்பி லைல் பன்றிக்கறி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"எழுந்திரு."

"அக்கா, வேணாம். அந்தாளு இல்லேன்னா இன்னைக்கு நீதான் முதல்."

"அவர் இப்படியே கிளம்பினா விதியும் கூடவே கிளம்பிடும். எழுந்திருடா."

வெள்ளை வண்ணத்தில் தன் வண்டி எண் 27 எழுதிய டயரை உருட்டிக்கொண்டு போய் வெண்டலின் முன் நிறுத்தினாள்.

"இந்தாங்க முதலாளி."

வெண்டல் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினார். "செத்த டயரும்மா இது."

"நாப்பது சுத்துக்கு உசுரு இருக்கும். உங்களுக்கு இருக்கான்னு பாருங்க."

அவருடைய ஆட்களே சிரித்துவிட்டார்கள்.

"தோத்தா ஊரெல்லாம் உன்னைத்தான் சொல்லுவேன்."

"ஜெயிச்சா?"

"இதுலயா!" என்றார். ஆனால் மாட்டினார்.

டயர் மாற்றியதால் புறப்படும் வரிசையில் பதினாறு வண்டிகளில் கடைசி இடம் அவருக்கு. பிக்கப் லாரிகள் பின்னாலிருந்து தள்ளி ஸ்டார்ட் செய்ய, வண்டிகள் ஒவ்வொன்றாய் உறுமி எழுந்தன.

பதினெட்டாம் சுற்றில் மார்லா முதலிடத்துக்கு வந்தாள். டயரைக் காப்பாற்றி ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் துரத்தித் துரத்தித் தங்கள் டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்டலை அவள் மறந்தே போயிருந்தாள்.

முப்பத்தைந்தாம் சுற்றில் ஒரு வளைவில் திரும்பும்போது பின்னால் வெண்டல் வண்டியின் ஆரஞ்சு மூக்கு தெரிந்தது.

பத்தே சுற்றில் டயரைக் கரைத்துவிடும் மனிதர், தலையில் முட்டைக்கூடை வைத்தவர்போல வந்துகொண்டிருந்தார். எங்கும் சறுக்கவில்லை. எங்கும் அவசரமில்லை. கடைசி வளைவில் அவள் டயர் இம்மியளவு நழுவியது. அந்த இடைவெளி அவருக்குப் போதும். அரை வண்டி நீளத்தில் கோட்டைத் தாண்டினார்.

மார்லா தலைக்கவசத்துக்குள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன் டயரிடமே தோற்றிருக்கிறாள்.

வெண்டல் வண்டியைவிட்டு இறங்கி அந்த டயரைப் பளாரென்று தட்டினார். முகம் பையனுடையதுபோல இருந்தது.

"இதைக் கெஞ்சி, கொஞ்சி, ஒவ்வொருத்தனா முந்தி... மார்லா, இருபது வருஷமாச்சும்மா இப்படி ஓட்டி! புதுசு மாட்டினா காலை அமுக்குறதோட சரி. இன்னைக்குத்தான் ஓட்டினேன்!"

"சவ ஊர்வலம் எப்படி முதலாளி?" என்று லைல் கேட்டான்.

"போடா."

புகைப்படக்காரர் டயரின் சொந்தக்காரியையும் கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் நடுவில், வண்டியிலிருந்து கழற்றிய 27 நின்றது.

மேவிஸ் ஒரு பிக்கப்பின் பின்பக்கம் ஏறினாள். வெயில் இன்னும் இருந்தது.

"விதி இருக்கட்டுங்கறவங்க கை தூக்குங்க."

மார்லா தூக்கினாள். அவளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பினாள்.

"ரெண்டு கையும் தூக்காதீங்க முதலாளி" என்றாள் மேவிஸ். "ஆளுக்கு ஒரு ஓட்டுதான்."

வெண்டல் ஒரு கையை இறக்கினார். அதற்குள் மற்றவர்களின் கைகள் எழத் தொடங்கியிருந்தன. மேவிஸ் எண்ணிவிட்டு, பதினாறில் பதிமூன்று என்றாள்.

"இந்த டயரை நானே வச்சுக்கறேனே?" என்றார் வெண்டல். "ஆபீஸ்ல மாட்டிடறேன்."

"அதெல்லாம் முடியாது. அதுல இன்னும் ஒரு ஓட்டம் பாக்கி இருக்கு. வசந்த காலத்துல முதல் பந்தயத்துக்கு எனக்கு வேணும்."

குவாரி முதலாளி குனிந்து, டயரைத் தன் கையாலேயே அவளுடைய இடம்வரை உருட்டிக்கொண்டு வந்தார். வழிநெடுக விசில். லைல் மிச்சச் சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு டயரின்மேல் உட்கார்ந்தான். ஐயோ என்று துள்ளி எழுந்தான்.

டயர் இன்னும் சுட்டது.